வாசித்துக் காட்டுகிற லாத்தா

எங்கள் கம்பெனி வெப்சைட்டில் அப்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். கைகட்டிச் சிரிப்பவர், கட்டைவிரலைத் தூக்கிச் சிரிப்பவர், பேரனை மடியில் வைத்துச் சிரிப்பவர். எல்லார் படத்துக்கும் கீழே ஒரே வசனம்: தரமான பொருள், சிறந்த சேவை, மிகவும் திருப்தி. எழுதியது நான்தான். சொந்தக்காரர் கல்யாணத்தில் சாம்பார் பிரமாதம் என்று சொல்வோமே, அதை எவ்வளவு நம்புவார்களோ அவ்வளவுதான் ஜனங்கள் இதையும் நம்பினார்கள். படிப்பார்கள், போய்விடுவார்கள். ஒருவரும் போன் பண்ண மாட்டார்கள்.

நாங்கள் விற்றது டிரையர். அப்பளம், வற்றல், முருங்கை இலை, கருவாடு என்று வெயிலில் காய வேண்டிய எதையும் மழை நாளிலும் காயவைக்கிற அறை. தகரச் சுவர், உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், விறகில் சூடாகிற காற்றைச் சுற்றவிடுகிற ஒரு பெரிய ஃபேன். பாளையங்கோட்டையில் பட்டறை, பட்டறைக்கு மேலே ஒற்றை அறையில் ஆபீஸ். முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். போன் எடுப்பது, விலை சொல்வது, வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது எல்லாம் நான்.

லாத்தா வந்த முதல் வாரமே அந்தச் சிரித்த படங்களை எடுத்துவிடச் சொன்னாள். மேலப்பாளையத்துக்காரி. அங்கே அக்காவை லாத்தா என்பார்கள். எங்கள் பட்டறைக்கும் அவள் லாத்தாவாகவே ஆகிவிட்டாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கேஸ் ஸ்டடி எழுதுவதற்கென்றே அண்ணாச்சி அவளை வேலைக்கு எடுத்திருந்தார். நம்மிடம் வாங்கியவருக்கு முன்னால் என்ன கஷ்டம் இருந்தது, வாங்கியபின் என்ன மாறியது என்று கதையாகச் சொன்னால், வாங்க யோசிக்கிறவன் யோசிப்பதை விட்டுவிடுவான் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள்.

"சிரிச்ச மூஞ்சியப் பாத்து எவன் புள்ள பொருள் வாங்குவான்?" என்றாள் லாத்தா. "தனக்கு இருக்கிற தலவலி இன்னொருத்தனுக்கும் இருந்துருக்குன்னு தெரிஞ்சாத்தான் நின்னு படிப்பான்."

அவளை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது என் வேலையாயிற்று. போன இடத்து முதலாளி நாற்காலி போடுவார். உட்கார மாட்டாள். வேலை நடக்கிற இடத்தில், சாக்கு கிடந்தால் சாக்கில், படி இருந்தால் படியில் உட்காருவாள். காபி கொடுத்தால் குடிப்பாள், பாராட்டுக் கொடுத்தால் வாங்கமாட்டாள். ரொம்ப நல்ல மெஷின்மா என்று யாராவது ஆரம்பித்தால், அது இருக்கட்டும் என்று கையால் ஒதுக்கிவிடுவாள். அவளுக்கு வேண்டியது மூன்றே விஷயம். இது வருவதற்கு முன்னால் எப்படிச் சீரழிந்தீர்கள், வந்த புதிதில் என்ன கூத்து நடந்தது, இன்றைக்கும் இதில் எது உங்களுக்குப் பிடிக்கவில்லை. விற்றவளே தேடிப் போய், எங்கள் பொருளில் குறை சொல்லுங்கள் என்று வருந்திக் கேட்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒரு தடவை அவசரத்துக்கு நானே ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். 'உற்பத்தித் திறன் வெகுவாக அதிகரித்தது' என்று போட்டிருந்தேன். வாங்கியவர்களில் யார் இதைத் தன் வாயால் சொன்னார் என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை என்றேன். அப்போது அவர் என்னதான் சொன்னார் என்றாள். மழை பெய்தால் இப்போதெல்லாம் மொட்டைமாடிக்கு ஓட வேண்டாம், முட்டுவலி குறைந்திருக்கிறது என்று சொன்னதாக ஞாபகம் என்றேன். அதை எழுதினாள். அந்த வரியைத்தான் ஊரெல்லாம் படித்தது.

திருச்செந்தூர் பக்கம் கருவாட்டு வியாபாரி ஒருவர் அந்த மூன்றாவது கேள்விக்குத் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னார். கருவாடு காய்ந்த அறையில் வேறெதையும் காயவைக்க முடியவில்லை, எத்தனை கழுவினாலும் வாடை போகவில்லை, ஆசைப்பட்டுப் போட்ட மோர்மிளகாயை வீட்டில் ஒருத்தரும் தொடவில்லை என்றார். லாத்தா அப்படியே எழுதிவிட்டாள். நம் வீட்டுச் சாக்கடையை நாமே தெருவில் திறந்துவிடுவதா என்று அண்ணாச்சி குதித்தார். ஆனால் அந்தக் கதை ஏறிய பிறகுதான் போன் அடிக்க ஆரம்பித்தது. வாடை போகாது என்று எழுதியது நீங்கள்தானே என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் ஆள்கள் விலையே கேட்டார்கள். அதற்கப்புறம் அண்ணாச்சி குதிப்பதைக் குறைத்துக்கொண்டார், நிறுத்தவில்லை.

எழுதி முடித்ததை லாத்தா யாருக்கும் போனில் அனுப்பமாட்டாள். நேரே போய், அங்கே வேலை செய்கிற அத்தனை பேரையும் கூட்டி நிறுத்தி, சத்தமாக வாசித்துக் காட்டுவாள். பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் கூவுகிறவர் மாதிரி ஒரு குரல் அவளுக்கு. தப்பு இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். சொன்னால் திருத்துவாள், திருத்தி மறுபடியும் வாசிப்பாள்.

மணிமுத்தாறு போகிற வழியில் முருங்கை இலைப் பொடி செய்கிற கொட்டகையில்தான் எனக்கு அவள் சூட்சுமம் தெரிந்தது. டிரையர் வந்தபிறகு மழைக்காலத்தில் ஒரு நாள்கூட இங்கே வேலை நின்றதில்லை என்று ஒரு வரி வாசித்தாள். தட்டு கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். கரண்டு போனால் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, அது என்ன கணக்கு என்று கேட்டாள். லாத்தாவின் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்த வரியை அடித்தாள். திரும்பி வரும்போது, இவ்வளவு பெரிய தப்பை எப்படி விட்டீர்கள் என்று கேட்டேன்.

"நாந்தான் வேணும்னு போட்டேன்" என்றாள். "ஒவ்வொரு கதையிலயும் ஒண்ணு போடுவேன். அது தப்புன்னு சொல்ல வாய் வராத எடத்துல, மத்ததெல்லாம் சரின்னு தலையாட்டுனதுக்கு என்ன மதிப்பு?"

என்ன சாமர்த்தியம் என்று மெச்சினேன். மெச்சியதற்கு அப்புறம் வருந்தினேன், ஏனென்றால் அவள் அந்தச் சோதனையை வேலையோடு நிறுத்தவில்லை. உப்பே போடாத என் ரசத்தைக் குடித்துவிட்டு உப்பு கரிக்கிறது என்பாள். நான் ஆமாம் என்கிறேனா என்று பார்ப்பாள். மரியாதைக்கு ஆமாம் லாத்தா என்று சொல்லித் தொலைத்துவிட்டால், அன்று முழுக்க என்னிடம் பேச்சுக் குறைந்துவிடும். நான் இதற்காக அழுதும் இருக்கிறேன். சிநேகிதத்தில் ஆளைத் தராசில் ஏற்றி ஏற்றி இறக்கினால் யாருக்குப் பொறுக்கும்?

ஏன் இப்படி என்று ஒரு தடவை அவளே சொன்னாள். இங்கே வருவதற்கு முன் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்திருக்கிறாள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒப்புதல் தாளை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிற வேலை. ஒரு பெரியவர் அவள் வாசித்த ஒவ்வொரு வரிக்கும் அழகாகத் தலையாட்டி, ரேகை வைத்திருக்கிறார். அவருக்குக் காது கேட்காது என்பது மகள் வெளியூரிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். லாத்தா டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, நேரமாகிறது, கிளம்பு என்றாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் பட்டறை பெரிய நெருக்கடியில் இருந்தது. மதுரையில் ஒரு பெரிய பலகாரக் கம்பெனி, தாங்கள் அப்பளம் வாங்குகிற ஊர்களில் எல்லாம் டிரையர் போட்டுக் கொடுக்க நினைத்திருந்தது. எங்களையும் விசாரித்தார்கள். அப்பளத்துக்கு டிரையர் போட்ட ஓர் இடத்தின் கதையைக் கொடுங்கள், திங்கட்கிழமை நேரில் வந்து அந்த இடத்தையும் பார்க்கிறோம் என்றார்கள். இது கிடைக்காவிட்டால் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான் என்று அண்ணாச்சி எங்கள் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். வெல்டிங் பார்க்கிற இருவருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. எனக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

அப்பளம் என்றால் கல்லிடைக்குறிச்சி. அங்கே அண்ணாச்சியின் மைத்துனர் அப்பளக் கம்பெனி வைத்திருந்தார். எங்கள் டிரையர் இரண்டு மழைக்காலமாக அங்கே ஓடிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் இடம், சுலபமான கதை என்று நினைத்தேன். லாத்தா போய்க் கேட்டாள், எழுதினாள், வியாழக்கிழமை வாசிக்கப் போனோம்.

பத்துப் பன்னிரண்டு பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். நடுவில் நாற்காலியில் மைத்துனர். இங்கே வேலை காலை பத்து மணிக்குத்தான் ஆரம்பிக்கும் என்று லாத்தா வாசித்தாள். விடிவதற்கு முன்பே மாவு பிசைய ஆரம்பிக்கிற இடம் அது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. லாத்தா கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு தாளில் இல்லாத ஒன்றை வாசித்தாள். இங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் ஆண்கள் என்றாள். நின்ற பெண்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. லாத்தாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. மைத்துனர் செல்போனிலிருந்து நிமிர்ந்து, ரொம்ப அருமை என்றார்.

ஆபீசில் அன்று பெரிய சண்டை. கதை நன்றாகத்தானே இருக்கிறது, அப்படியே கொடு என்றார் அண்ணாச்சி. அங்கே எல்லாரும் எதற்கோ பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள், அது என்னவென்று தெரியாமல் தரமாட்டேன் என்றாள் லாத்தா. நானும் அண்ணாச்சி பக்கம்தான் நின்றேன். யாரோ தலையாட்டினார்கள் என்பதற்காக எங்கள் சோற்றில் மண்ணைப் போடாதீர்கள் என்று சொன்னேன். சனிக்கிழமை சாயங்காலம் அவள் என்னிடம் வந்து, வண்டியை எடு என்றாள். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

வேலை விட்டு ஆற்றில் குளிக்க வருகிற பெண்களைப் படித்துறையில் பார்த்தோம். முதலில் யாரும் அண்டவில்லை. லாத்தா ஒன்றும் கேட்காமல் கடைசிப் படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலைப் போட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து இசக்கியம்மா என்கிற நடுவயதுப் பெண் பக்கத்தில் வந்து, துணியைப் பிழிந்துகொண்டே, தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொல்ல ஆரம்பித்தாள்.

அப்பளம் போடுகிற வீடுகளில் ஒரு பழக்கம் உண்டாம். திறந்து கிடக்கிற கதவைக் கண்டால் போகிறபோக்கில் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் காக்காயும் அணிலும் புகுந்துவிடும், ஈரக்காற்று பட்டு அப்பளம் நமுத்துவிடும். சின்ன வயதிலிருந்தே கைக்குப் பழகியது, யோசிக்காமலே கை செய்துவிடும். போன மழைக்காலத்தில் இசக்கியம்மா டிரையருக்குள் தட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒருத்தி அப்படித்தான் போகிறபோக்கில் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். தாழ்ப்பாள் வெளியில் மட்டும்தான். உள்பக்கம் ஒரு பிடிகூடக் கிடையாது. கத்தியிருக்கிறாள், தட்டியிருக்கிறாள். ஃபேன் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அப்புறம் யாரோ தட்டு எடுக்க வந்து திறந்தபோது வாசலிலேயே குப்புறக் கிடந்திருக்கிறாள். அன்றிலிருந்து கொஞ்சம் வெக்கை பட்டாலும் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறதாம். வெளியே தெரிந்தால் டிரையரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், மழைக்கு ஒருத்திக்கும் வேலை இருக்காது என்று மைத்துனர் சொல்லி வைத்திருக்கிறார்.

"எழுதிராதீக தாயி" என்றாள் இசக்கியம்மா. "மழ மாசம் எங்களுக்கு வேல இருக்குன்னா அது அந்த ரூமாலதான். அதையும் எடுத்துட்டா நாங்க என்ன செய்வோம்?"

எடுக்க வேண்டாம், கதவை மாற்றினால் போதும் என்று லாத்தா சொல்லிப் பார்த்தாள். இசக்கியம்மா நம்பவில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறிவிட்டாள்.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து திருச்செந்தூர் வரை நாங்கள் விற்ற எல்லா அறைக்கும் அதே கதவுதான். திரும்பி வரும்போது, சேரன்மகாதேவி தாண்டுகிற இடத்தில்தான் அது எனக்கு உறைத்தது.

மறுநாள் அண்ணாச்சியிடம் சொன்னோம். திங்கட்கிழமை கழியட்டும், கடன்பட்டாவது அத்தனை கதவையும் மாற்றிவிடுகிறேன், அதுவரை மூச்சுவிடாதீர்கள் என்று கும்பிட்டார். அவர் கும்பிட்டதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. லாத்தா மட்டும் அசையவில்லை.

"நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி" என்றாள். "நடந்தது அவளுக்கு. சொல்லுதது அவ ஹக்கு, அவ உரிம, அத நான் எடுத்துக்கிட முடியாது. ஆனா அவ சொல்ல வந்தா யாரும் தடுக்கக் கூடாது."

திங்கட்கிழமை மதுரையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெரிய அதிகாரி, அவருக்குக் கீழே ஓர் இளம்பெண். தூறலாக இருந்தது. பெண்கள் முற்றத்துக் கூரைக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இளம்பெண் கேட்கக் கேட்க அண்ணாச்சியும் மைத்துனரும் முற்றத்தில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் பேச்சில் அலுத்துப்போய், தட்டுகளைப் படம் எடுக்கிறேன் என்று தனியாக டிரையருக்குள் போனார். நானும் லாத்தாவும் அதன் வாசலுக்குப் பக்கத்தில் நின்றோம்.

பின்கட்டிலிருந்து ஒருத்தி முறத்தில் அப்பளத்தோடு வந்தாள். உள்ளே ஆள் போனது அவளுக்குத் தெரியாது. போகிறபோக்கில் இடுப்பால் கதவைத் தள்ளி, ஒரு கையால் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

நான் பாய்ந்தேன். லாத்தா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள், சாதாரணக் குரலில். "இந்தக் கதவு உள்ளேருந்து தொறக்குமா?"

அண்ணாச்சி இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அந்த இளம்பெண் பேனாவோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "தொறக்கும், தொறக்கும். அதெல்லாம் வச்சிருக்கோம்" என்றார். பக்கத்தில் மைத்துனர் தலையாட்டினார்.

லாத்தா பெண்களைப் பார்த்துத் திரும்பினாள். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தாள். தேய்க்கிற கட்டைகள் ஒவ்வொன்றாக நின்றன. அவர்களில் பாதிப்பேர் அந்த மனிதர் உள்ளே போனதைப் பார்த்தவர்கள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் கையை உதறினேன், அவள் பிடி இறுகியது. விடுங்க லாத்தா, விடுங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. அவளுடைய இன்னொரு கை சும்மாதான் இருந்தது, தாழ்ப்பாளுக்கு ஒரு முழம்கூடத் தூரமில்லை.

இசக்கியம்மா மாவுக் கையோடு எழுந்தாள். "தொறக்காது" என்றாள். அவளுக்கே கேட்காத மாதிரி சொன்னாள். பிறகு, "தொறக்காது, உள்ள ஆளு இருக்காவ" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, எங்கள் இரண்டு பேரையும் இடித்துத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கினாள்.

கண்ணாடிக்காரர் வெளியே வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அத்தனை தட்டு தட்டுனேனே, ஒருத்தருக்கும் கேக்கலியா?" என்றார். கதவை ஒட்டி நின்ற எனக்கே கேட்கவில்லை.

இசக்கியம்மா நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மைத்துனர் குறுக்கே வந்தார். அண்ணாச்சிதான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். மதுரைக்காரர்கள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள்.

அண்ணாச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வெல்டர்களைக் கூட்டிக்கொண்டு தானே ஊர் ஊராகப் போய், உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற மாதிரி எல்லாக் கதவையும் மாற்றினார். லாத்தா கதையை இசக்கியம்மாவின் வாயாலேயே எழுதினாள். வாசித்துக் காட்டியபோது இசக்கியம்மா அவளை நாலைந்து இடத்தில் மறித்துத் திருத்தினாள். மதுரையில் அதைப் படித்தார்கள். கேட்டதில் பாதிதான் ஆர்டர் கொடுத்தார்கள், ஆனால் பட்டறை பிழைத்துவிட்டது. எல்லாரும் லாத்தாவைக் கொண்டாடினார்கள். மைத்துனரைத் தவிர.

நான் கொண்டாடவில்லை. அந்த வாரமே ஒரு நாள் அவளை மேலப்பாளையத்தில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது கேட்டுவிட்டேன்.

"இசக்கியம்மா எந்திரிச்சிருக்கலன்னா, நீங்க தொறந்துருப்பீங்களா?"

அவள் நிஜமாகவே யோசித்தாள்.

"தெரியல புள்ள" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. திறந்திருப்பேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பிவிட்டு வீட்டுக்குப் போய், சாப்பிட்டுத் தூங்கியிருப்பேன். உள்ளே இருந்ததும் ஒரு மனுஷர்தானே லாத்தா என்றேன். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறு வருஷம் புருஷன் வேலை பார்க்கிற துபாய்க்குப் போய்விட்டாள். ஆரம்பத்தில் போன் பண்ணிக்கொண்டிருந்தோம், அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று.

இப்போது கேஸ் ஸ்டடி நான்தான் எழுதுகிறேன். மூன்றாவது கேள்வியைக் கேட்கிறேன், எல்லாரையும் கூட்டிவைத்து வாசித்துக் காட்டுகிறேன். வேலை என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான், அவளைப் போல் இன்னொருத்தியை நான் பார்க்கப்போவதில்லை. ஆனால் என்றைக்காவது நான் அப்படி ஒரு கதவுக்கு உள்ளே மாட்டிக்கொண்டால், வெளியே நிற்பது லாத்தாவாக இருக்கக் கூடாது.